பீட்ரூட் வெதை மூணு பாக்கெட், தண்டையார்பேட்டை மொட்டமாடி: எது தேறுச்சு, எது ஏமாத்துச்சு

எட்டு வாரம் குடம் குடமா தண்ணி தூக்கி, நெழல் வலை கட்டி, கொழந்தை மாதிரி பாத்துக்கிட்ட பீட்ரூட் செடியில கீழ்வீட்டு அக்கா ஒரு இலைய கிள்ளி மென்னு பாத்துட்டு, "இன்னாம்மா, பீட்ரூட்டுன்னு சொல்லிட்டு பாலக்கு வளத்துக்கினு கீற"ன்னு கேட்டாங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. புடுங்கி பாத்தா அடியில கெழங்கே இல்ல, எலி வாலு மாதிரி ஒரு வெள்ள வேரு. 249 ரூபா குடுத்து ஆன்லைன்ல வாங்குன "ரெயின்போ பீட்ரூட்" அது. கவர் மேல மஞ்சள், ரோஸ், கருஞ்சிவப்புன்னு படம் போட்டு கண்ண பறிக்கும்.

அதனாலதான் இந்த ரிவ்யூ. ஒரு கடைய பத்தி மட்டும் இல்ல, 2023 ஆடியிலேருந்து இது வரைக்கும் நான் வாங்குன மூணு விதமான பீட்ரூட் வெதை, கூடவே வாங்குன மத்த காய்கறி வெதை எல்லாத்தையும் பத்தி. நான் வெவசாயி கெடையாது, சென்னை பாரிமுனையில ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேலை, வீடு வடசென்னை தண்டையார்பேட்டையில ரெண்டாவது மாடி, மேல மொட்டமாடியில பாதிய ஓனர் எங்களுக்கு விட்டு குடுத்துருக்காரு, அதுல 22 குரோ பேக், அதான் செடி வளக்குற பை, வச்சிருக்கேன். அவ்ளோதான் என் சாம்ராஜ்யம்.

மொத பாக்கெட் மண்ணடி பக்கம் ஒரு வெதைக் கடையில வாங்குனது. ஆபீஸ் முடிஞ்சு மெட்ரோ ஏற போற வழியில கண்ணுல பட்ட கடை, பழைய கடை, வாசல்லயே மூட்டை மூட்டையா கீரை வெதை, தனியா, வெந்தயம்னு வச்சிருப்பாங்க, கேட்ட ஒடனே ஒரு டப்பாவுலேருந்து அள்ளி சின்ன பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஸ்டேப்ளர் அடிச்சு 20 ரூபான்னு குடுத்தாரு. எந்த ரகம்ணான்னு கேட்டேன், "பீட்ரூட்டுமா, செவப்பு"ன்னாரு. செவப்புன்னு எனக்கும் தெரியும்ணா. லேபிள் இல்ல, தேதி இல்ல, ஒண்ணும் இல்ல. 40 வெதை எண்ணி போட்டேன், மொளைச்சது 11 எடத்துல. இத்தனைக்கும் பீட்ரூட்ல ஒரு வெதைன்னு நாம நெனைக்கிறது நெசத்துல ஒரு வெதையே இல்ல, சொரசொரன்னு காஞ்ச தக்கை துண்டு மாதிரி இருக்கே அது ஒரு கொத்து, உள்ள ரெண்டு மூணு வெதை இருக்கும், அதனால ஒண்ணு போட்டா ரெண்டு மூணு செடி வரணும், அப்படி இருந்தும் 40க்கு 11னா அந்த டப்பா எத்தனை வருஷமா அங்க ஒக்காந்துருக்கோ தெரியாது. நம்ம ஊரு ஈரக் காத்துல தொறந்து வச்ச வெதை ரொம்ப நாள் உயிரோட இருக்காது.

அப்புறமாதான் இந்த லேபிள் சமாச்சாரம் எல்லாம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். 1966லயே வெதைச் சட்டம் வந்துருக்கு, பாக்கெட்ல ரகம் பேரு, மொளைப்புத்திறன், சோதனை பண்ண தேதி எல்லாம் இருக்கணும். சான்று பெற்ற வெதைன்னா நீல சீட்டு, கம்பெனியே தன் பொறுப்புல "உண்மை நிலை வெதை"ன்னு விக்கிறதுக்கு பச்சை சீட்டு. பீட்ரூட்டுக்கு கொறைஞ்சபட்ச மொளைப்பு 60 சதவீதம்தான், அதனால பத்துக்கு பத்தும் வரலன்னு சண்டை போட முடியாது, ஆனா பத்துக்கு மூணு கூட வரலன்னா சண்டை போடலாம். நான் போடல, 20 ரூபாய்க்கு யாரு மெனக்கெடுறது.

அந்த 11ஐ மட்டும் சொல்லி கடை மேலயே பழிய போட்டா அது நியாயம் இல்ல, என் தப்பும் இருக்கு. ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு எங்க அத்தை சொல்ல, நானும் தலையாட்டிட்டு ஆடி மாசம் பீட்ரூட் போட்டேன். அவரைக்கு, வெண்டைக்கு, பொடலைக்கு அந்த பழமொழி பொருந்தும், பீட்ரூட்டுக்கு இல்லவே இல்ல. அது குளிர் ஊரு பயிர், 15லேருந்து 25 டிகிரி வரைக்கும்தான் அதுக்கு சொகமா இருக்கும், நம்ம தண்டையார்பேட்டையில ஜூலை மாசம் 36ம் அடிக்கும், மொட்டமாடி தரை கால வைக்க முடியாது. என்ன ஆச்சுன்னா இலை இலையா வளந்துச்சு, கெழங்கு எலுமிச்சம்பழம் சைஸ்ல நின்னு போச்சு. அதுல ஒண்ண நறுக்கி பாத்தா உள்ள செவப்பு வளையம், வெள்ள வளையம், செவப்பு வளையம்னு டார்ட் போர்டு மாதிரி. எனக்கு ஒரே சந்தோஷம், இத்தாலியில கியோஜான்னு ஒரு ஊரு, வெனிஸ் பக்கத்துல, அந்த ஊரு பேருலயே ஒரு பீட்ரூட் ரகம் இருக்கு, அத வெட்டுனா இப்படித்தான் ரோஸும் வெள்ளையுமா வளையம் இருக்கும்னு போட்டோ பாத்துருக்கேன், அதிர்ஷ்டத்துல அதுதான் கெடைச்சுடுச்சுன்னு நெனைச்சு வாட்ஸப் ஸ்டேட்டஸ் எல்லாம் வச்சுட்டேன். அப்புறம் பாத்தா வெயில் ஜாஸ்தி ஆனா சாதா செவப்பு பீட்ரூட்லயே நெறம் வெளுத்து வளையம் விழுமாம். ஸ்டேட்டஸ டெலீட் பண்ணிட்டேன்.

சரி இப்போ அந்த ரெயின்போ கதைக்கு வரேன், இதுலதான் கத்துக்க வேண்டியது ஜாஸ்தி. 2024 பொங்கலுக்கு முன்னாடி ஆர்டர் போட்டது. பாக்கெட் வந்தப்பவே சந்தேகம் வந்துருக்கணும், அதே கம்பெனி பக்கத்துலயே நீலத் தக்காளி, வானவில் கலர் ரோஜா வெதை எல்லாம் விக்கிது, அந்த படத்த பாத்தும் நான் ஆர்டர் போட்டேன்னா எனக்குதான் புத்தி இல்ல. ஆனா ஏமாந்ததுக்கு ஒரு காரணமும் இருக்கு. நம்ம ஊருல பாலக்குன்னு விக்கிற கீரை வெளிநாட்டு ஸ்பினாச் கெடையாது, அது பீட்ரூட்டோட ஒடம்பொறப்பு, ஒரே இனம், வெதையும் அதே சொரசொர கொத்து, பக்கத்துல பக்கத்துல வச்சா என்னால பிரிச்சு சொல்ல முடியல, மொளைச்சு வர்ற மொத ரெண்டு இலையும் கிட்டத்தட்ட அதேதான். நான் மூணாவது வாரம் கவனிச்சிருக்கணும். செவப்பு பீட்ரூட்டுன்னா தண்டு, அடிப்பகுதி எல்லாம் மொளைக்கிறப்பவே ரோஸா இருக்கும், மஞ்சள் ரகமா இருந்தா தண்டு மஞ்சளா இருக்கும். எனக்கு வந்தது எல்லாம் பச்சைத் தண்டு, ஒண்ணு விடாம. நான் என்னடான்னா இது வெள்ள பீட்ரூட் போலன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆசை யார விட்டுது.

ரீஃபண்ட் கேட்டேன், "விதைகளுக்கு ரிட்டர்ன் பாலிசி இல்லை"ன்னு ரெடிமேடா ஒரு பதில் வந்துச்சு. போட்டோவோட ஒரு ஸ்டார் ரேட்டிங் போட்டேன், ரெண்டு நாள்ல காணாம போச்சு. ஒண்ணு மட்டும் நல்லது, ரெண்டு மாசம் பருப்பு போட்டு கடையல், பாலக் சப்பாத்தின்னு வீட்ல கீரைக்கு பஞ்சமே இல்ல. ஒரு கட்டு கீரை 20 ரூபான்னு வச்சாலும் என் 249 வந்துருக்கும், இத எங்க வீட்டுக்காரரு கணக்கு போட்டு சொல்றப்பதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

மூணாவது பாக்கெட் ஒழுங்கான பாக்கெட். உள்ள ஃபாயில், பச்சை சீட்டு, ரகம் பேரு டெட்ராய்ட் டார்க் ரெட்னு தெளிவா போட்டு, சோதனை தேதி, மொளைப்புத்திறன் எல்லாம் இருந்துச்சு. 10 கிராம் 60 ரூபா, அதுல 500 கொத்துக்கு மேல வரும், மொட்டமாடிக்கு அது நாலு வருஷத்துக்கு காணும். இந்த ரகம் அமெரிக்காவுல 1892ல வந்ததாம், நூத்தி முப்பது வருஷமா ஒலகம் பூரா போடுறாங்க, நம்ம ஊருலயும் வெதை வேணும்னா யோசிக்காம இதத்தான் குடுப்பாங்க. பழைய ரகம்தான், ஹைபிரிட் கெடையாது, வெலையும் கம்மி. இதுக்கு முன்னாடியே 2023 நவம்பர் நடுவுல இத ஒரு தடவ போட்டேன், நல்லா மொளைச்சு நாலு இலை வந்துருந்துச்சு, டிசம்பர் 3, 4ல மிக்ஜாம் புயல் வந்து அடிச்ச மழையில குரோ பேக்ல தண்ணி நின்னு மொத்தமும் அழுகிடுச்சு. தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னப்போ பீட்ரூட்ட பத்தி யாரும் அழல, நானும் அழல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

அந்த அடுத்த வருஷம் 2024, ஃபெஞ்சல் புயல் நவம்பர் கடைசியில கரைய கடந்ததும் ஒரு வாரம் வானத்த பாத்துட்டு டிசம்பர் 8ஆம் தேதி போட்டேன், புது பாக்கெட் வாங்கி. மொத நாள் ராத்திரி தண்ணியில ஊற வச்சேன், காலையில பாத்தா தண்ணி டீ கலர்ல இருந்துச்சு, அந்த கொத்துத் தோல்ல மொளைப்ப தடுக்குற சரக்கு கொஞ்சம் இருக்கும், ஊற வச்சு அலசுனா அது போயிடும். ஒரு அங்குலத்துல பாதி ஆழம், ரெண்டு கொத்துக்கு நடுவுல நாலு வெரல் எடம், 12 அங்குல பேக்ல அஞ்சு கொத்து. ஆறாவது நாள் மண்ண கிழிச்சுக்கிட்டு ரோஸ் கலர் கொக்கி மாதிரி வந்துச்சு பாருங்க, அந்த ரோஸ் தண்ட பாத்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சு, இந்த தடவ பாலக்கு இல்ல. 40க்கு 31 எடத்துல மொளைச்சுது. ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு மூணா வந்தத ஒண்ணா கொறைக்கணும், இதுல எல்லாருக்கும் மனசு வராது, எனக்கும் வரல, எங்க அத்தைதான் கத்திரிக்கோல் எடுத்து தரையோட கத்தரிச்சாங்க. புடுங்க கூடாது, புடுங்குனா பக்கத்து செடி வேரும் ஆடிடும். கத்தரிச்ச குட்டி இலைய சாலட்ல போட்டாச்சு.

இப்போ தண்ணி விஷயம். வடசென்னையில மாடித்தோட்டம் வைக்கிற யாருக்கும் வெதைய விட இதுதான் பெரிய தலைவலி. எங்க வீட்டு போர் தண்ணிய, கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல பாத்தா 1900 காட்டுது, வாயில வச்சா உப்பு, பாத்ரூம் கொழாயில வெள்ள வெள்ளையா படிஞ்சுருக்கும். ராயபுரம், திருவொற்றியூர்ல சொந்தக்காரங்க வீட்லயும் இதே கதைதான். மெட்ரோ தண்ணி, அதான் குடிநீர் வாரியம் விடுற தண்ணி, கைப்பம்புல காலையில வர்றத புடிச்சாதான் உண்டு, அதையும் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தது போக மாடிக்கு தூக்குறதுன்னா முதுகு போயிடும். இந்த எடத்துலதான் பீட்ரூட் மேல எனக்கு தனி மரியாதை. ஐரோப்பா பக்கம் கடற்கரையில தானா மொளைக்குற ஒரு காட்டுச் செடிதான் பீட்ரூட்டோட மூதாதை, உப்புக் காத்துலயே பொறந்து வளந்த வம்சம். பீன்ஸும் கேரட்டும் மண்ணுல உப்பு, ஈசின்னு அத அளக்குற ஒரு கணக்குல, 1 தாண்டுனாலே வெளைச்சல் கொறைய ஆரம்பிக்கும், முள்ளங்கி 1.2, தக்காளி 2.5, பீட்ரூட் 4 வரைக்கும் தாங்கும். நம்ம ஊருக்குன்னே செஞ்சது மாதிரி. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, வளந்த பீட்ரூட்தான் உப்ப தாங்கும், மொளைக்குறப்ப தாங்காது. மண்ணடி பாக்கெட்டுக்கு நான் மொத நாளிலிருந்தே போர் தண்ணிதான் ஊத்துனேன், அந்த 11க்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், கடைக்காரர் மேல கொஞ்சம் கோவம் கொறைஞ்சது அதனாலதான். இந்த தடவ மொத மூணு வாரம் சுத்தமா மெட்ரோ தண்ணி, அதுக்கப்புறம் பாதிக்கு பாதி, வாரத்துக்கு ஒரு தடவ மட்டும் பேக் அடியில ஓட்டை வழியா வெளிய வர்ற மாதிரி நல்ல தண்ணி நெறைய ஊத்தி உப்ப கழுவி விட்டேன். கோகோபீட், அதான் தேங்கா நார்த்தூள், வாங்குனா அதையும் ரெண்டு தடவ அலசிட்டு போடுங்க, அதுலயே உப்பு இருக்கும்.

62ஆவது நாள் மொத அறுவடை. மண்ணுக்கு மேல தோளு தூக்கிட்டு நின்னுச்சு, இலைய கொத்தா புடிச்சு இழுத்தா பொளக்குனு வந்துச்சு, மண்ணு வாசனையோட. தராசுல 180 கிராம், அதுதான் பெருசு, மிச்சம் எல்லாம் 90, 110னு. வெட்டுனா வளையம் இருக்கு, ஆனா செவப்புக்குள்ள கருஞ்செவப்பா, வெள்ளையே இல்ல. கடை பீட்ரூட்டோட ஒப்பிட்டா இனிப்பு ஒரு படி மேலன்னு எனக்கு தோணுச்சு, எங்க வீட்டுக்காரருக்கு எந்த பீட்ரூட்டும் புடிக்காது, "மழ பேஞ்ச தரைய நக்குன மாதிரி இருக்கு"ம்பாரு. அவர் சொல்றது பொய்யும் இல்ல, மொத மழையில வர்ற மண் வாசனைக்கும் பீட்ரூட் வாசனைக்கும் காரணம் ஒரே பொருள்தானாம், ஜியோஸ்மின்னு பேரு. தேங்கா நெறைய போட்டு பொரியல் பண்ணா அவரே ரெண்டாவது தடவ கேப்பாரு, அது வேற விஷயம். ரெண்டு மூணு கெழங்குல மட்டும் நடுவுல கருப்பு பொட்டு இருந்துச்சு, அது போரான் சத்து கொறைவு, பீட்ரூட் அதுல ரொம்ப பேராசைக்காரன், அடுத்த தடவ மொதல்லயே கவனிக்கணும்.

இந்த மூணு கணக்குல சேக்காம, கிரிம்சன் குளோப்னு இன்னொரு பீட்ரூட் ரகமும் ஒரு பேக்ல போட்டு பாத்தேன், டெட்ராய்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, நெறம் கொஞ்சம் கம்மி மாதிரி பட்டுச்சு, ஒரு பேக்க வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன். சிலிண்ட்ரான்னு நீளமா வெள்ளரிக்கா மாதிரி வர்ற ரகம் ஒண்ணு இருக்கு, வில்லை வில்லையா வெட்டுறதுக்கு வசதி, ஆனா அதுக்கு ஆழமான தொட்டி வேணும். இன்னொண்ணு, வெதைய நாமளே எடுத்து வச்சுக்கலாம்னு கெளம்பாதீங்க, பீட்ரூட் ரெண்டு வருஷத்து பயிர், நல்ல குளிர் பட்டாதான் பூக்கும், நம்ம ஊரு மார்கழிக் குளிர் அதுக்கு ஜோக். இமாச்சல் குலு பக்கம், நீலகிரி மாதிரி மலையிலதான் வெதை எடுப்பாங்க. அதனால ஒவ்வொரு தடவையும் பாக்கெட் நம்பித்தான் ஆகணும், அதனாலதான் லேபிள் லேபிள்னு உயிர விடுறேன்.

மத்த காய் பத்தி சட்டுனு சொல்லிடுறேன். முள்ளங்கில பூசா சேத்கி வாங்குங்க, வெயில் தாங்குறதுக்குன்னே உருவாக்குன ரகம், நான் பங்குனியில போட்டு 45 நாள்ல எடுத்தேன், கொஞ்சம் காரம், சாம்பாருக்கு பரவால்ல. வெண்டைக்கு பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட அர்கா அனாமிகா, இலை மஞ்சள் நரம்பு நோய் தாங்கும்னுதான் வெளியிட்டாங்க, எனக்கு கடைசி ரெண்டு செடியில வரத்தான் செஞ்சுது, ஆனாலும் அதுக்குள்ள வயிறார சாப்ட்டாச்சு. தக்காளி பெரியகுளம் பிகேஎம் 1, வெதை எடுத்து அடுத்த வருஷம் போடலாம், எஃப் 1னு, அதாவது ஹைபிரிட்டுன்னு, போட்ட பாக்கெட்ல அந்த வேலை ஆகாது, மறுபடி போட்டா அப்பன் மாதிரி புள்ளை வராது. கத்திரியில வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரி, 2023ல புவிசார் குறியீடு எல்லாம் வாங்குனது, காம்புல முள்ளு குத்தும், எண்ணெய் கத்திரிக்கா வச்சா வேற கத்திரி இறங்காது. கேரட் மட்டும் வேணாம். மூணு தடவ போட்டேன், மூணு தடவையும் நண்டு கால் மாதிரி பிரிஞ்சு வந்துச்சு, மண்ணு இறுகிப்போனாலோ கல்லு கெடந்தாலோ அப்படி பிரியுமாம், அது போதாதுன்னு மேல சொன்ன உப்புக் கணக்கும் கேரட்டுக்கு ஒத்து வராது. சில பாக்கெட்ல வெதை ரோஸ் கலர், நீல கலர்ல சாயம் பூசி வரும், அது பூஞ்சாண மருந்து, கைய கழுவுங்க, புள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

ரேட்டிங் கேட்டீங்கன்னா மண்ணடி லூஸ் வெதைக்கு அஞ்சுக்கு ஒண்ணரை, அதுலயும் கீரை வெதை மட்டும் அங்க நல்லா ஓடுது, தெனம் வித்து தீந்து புதுசு வர்றதால இருக்கும், கீரைக்கு நான் இப்பவும் அங்கதான் போறேன். ஆன்லைன் ரெயின்போவுக்கு பூஜ்யம், கீரைக்காக வேணா அரை. டெட்ராய்ட் டார்க் ரெட் பச்சைச் சீட்டு பாக்கெட்டுக்கு நாலரை, அரை மார்க் கொறைச்சது கவர திரும்ப மூட ஜிப் இல்லாததுக்கு. மிச்ச வெதைய நான் ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, வாங்குன தேதிய ஒட்டி ஃப்ரிட்ஜ் கதவுல வச்சிருக்கேன். போன வாரம் அத்தை அத ஏதோ மசாலா சாமான்னு நெனைச்சு வாணலியில வறுக்க எடுத்துட்டாங்க, நல்ல வேளை அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள பாத்துட்டேன். இப்போ பாட்டில் மேல பெருசா செவப்பு ஸ்கெட்ச்ல "பீட்ரூட், கார்த்திகை கடைசி"ன்னு எழுதி ஒட்டியிருக்கு.